இடப்பக்கத்து ஸ்பீக்கர்

"என் வீட்டுக்குள்ள யாரோ வந்து போறாங்கம்மா. இல்லேன்னா என் காது போயிட்டிருக்கு. ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் பியானோ ட்யூனர்.

வந்ததிலிருந்து நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த கடிதத்தை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு இரவுகளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்கள் சொல்லின.

எதிரே இருந்த பெண்மணி முப்பது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். தீ விபத்து, திருட்டு என்று வருகிற மனுக்களில் எது நடந்தது, எது ஜோடித்தது என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஓய்வுபெற்ற பிறகு ஸ்டேஷனரி கடை மாடியில் ஒரு அறை பிடித்து, அதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் இன்ஷூரன்ஸம்மா. பக்கத்து மேஜையில் அவருடைய கொழுந்தனார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. அந்தத் திறமை திருடர்களிடமும் செல்லும் என்று நம்பித்தான் அண்ணியிடம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. அவசரம் வேண்டாம்" என்றார் இன்ஷூரன்ஸம்மா.

"எனக்கு அவசரம்தாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் கச்சேரி மன்றத்துக்குப் பதில் சொல்லணும். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கலைஞர் வாசிக்க வர்றார். பியானோவை நான்தான் சுருதி சேர்க்கணும். பதினெட்டு வருஷமா நான்தான் பண்றேன். இது..." சட்டைப் பையைத் தொட்டார். "இது, என்னால முடியாதுன்னு எழுதின கடிதம்."

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு விளம்பரம் பார்த்துப் போயிருந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், நாற்பத்தைந்து வருஷப் பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை விற்கிறார் என்று. இடுப்பு உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். தேனில் புகையைக் கலந்த மாதிரி ஒரு நிறம். முன்பக்கம் முழுக்கப் பழுப்பு நெசவுத் துணி. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தபோது பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த மர வாசனை. ட்யூனருக்கு அப்போதே மனசு போய்விட்டது.

"டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். இந்தத் துணியில மட்டும் கை வைக்காதீங்க, நூல் இத்துப்போயிருக்கு, கிழிஞ்சா இந்த நெசவு இனிமே கிடைக்காதுன்னார். நான் அந்தப் பக்கமே போகலை. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் தட்டைப் போட்டேன் பாருங்க... வயலினும் பியானோவும். இருபது வருஷமா கேட்டுட்டிருக்கிற தட்டு. அதுல பியானோக்காரர் ஒரு இடத்துல மூச்சு இழுப்பார்ங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். பெடலை விடும்போது உள்ளே கம்பளித் துண்டு கம்பியில் வந்து உட்காருமே, அந்தச் சத்தம்கூடக் கேட்டுது. மூணு வாரம், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுற பையன் மாதிரி வீட்டுக்கு ஓடினேன்."

"அப்புறம்?"

"ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்தேன். இடப்பக்கம் மங்கிப்போச்சு. மேல் சுரமெல்லாம் போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி. எல்லாம் வலப்பக்கமே இழுத்துட்டுப் போகுது. வலது காதுல ஊசி மாதிரி குத்துது, இடது காதுல ஒண்ணுமில்லை."

ஸ்பீக்கர்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இடப்பக்கத்துப் பெட்டியை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றி வைத்தார். பெட்டியில் கோளாறு என்றால் மங்கலும் பெட்டியோடு வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடப்பக்கமே நின்றது.

"போன வியாழக்கிழமை ரேடியோ மெக்கானிக்கை வரச் சொன்னேன். நான் வேலையில இருந்தேன். என் மனைவிதான் வீட்ல. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், தட்டு சுழற்றுற மெஷின், எல்லாம் பார்த்துட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பாடுது, ஒரு குறையும் இல்லைன்னு போன்ல சொல்லிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் போய் உட்கார்றேன். இடப்பக்கம் செத்துக் கிடக்கு."

கொழுந்தனார் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"எங்கப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயசுல இடது காது போச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துல வலது. எனக்கு இப்ப ஐம்பத்திரண்டு. நான் கம்பியை இடது காதாலதான் கேட்பேன். மூணு கம்பி சேர்ந்து ஒரு சுரம். மூணும் ஒண்ணா நிக்குதான்னு கேட்கிற காது அது. இப்போ ஒவ்வொரு சுரத்தையும் மீட்டர் வச்சுச் சரிபார்க்கிறேன். மீட்டர் சரின்னாலும் நம்ப முடியலை."

"காது டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா சொல்லிடுவாரே!"

இன்ஷூரன்ஸம்மா தலையாட்டினார். சிரிக்கவில்லை. "சரி. யாரோ வந்து போறாங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"கேட்டு முடிச்சதும் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பேன். அது என் பழக்கம். ஆனா ரெண்டு மூணு தடவை சாயங்காலம் வந்து பார்த்தா நாலுல நிக்குது. மனைவியைக் கேட்டேன். நான் அதைத் தொடவே இல்லைன்னுட்டா."

"அவங்களுக்கு உங்க காது பயம் தெரியுமா?"

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுன்னு மட்டும் சொன்னேன். அவளுக்கே ஆம்புலன்ஸ் கூப்பிடுற போனை எடுக்கிற வேலை. ராத்திரியெல்லாம் நான் புரண்டுட்டே இருக்கேன் போல. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் சுவரோரம் படுத்தவ, போன மாசம் காத்து வேணும்னு ஜன்னலோரம் போயிட்டா. நான் வேற எதுக்குச் சுமையைக் கூட்டணும்?"

"வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

ட்யூனர் தயங்கினார். "என் கூட்டாளிகிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பட்டறை வச்சிருக்கோம். அவசரத்துக்குக் கருவி எடுக்கணும்னா இருக்கட்டும்னு கொடுத்தேன்."

"நீங்க மன்றத்து வேலையை விட்டா அது யாருக்குப் போகும்?" கொழுந்தனார் பாய்ந்து கேட்டார்.

"அவனுக்குத்தான்."

கொழுந்தனார் அண்ணியைப் பார்த்த பார்வையில், விலங்கு மாட்டுவது மட்டும்தான் பாக்கி என்றிருந்தது. இன்ஷூரன்ஸம்மா அதைக் கவனிக்காத மாதிரி கைப்பையை எடுத்தார். "ரெண்டு கேள்வி. விளம்பரத்துல வந்த போட்டோ இருக்கா? அப்புறம், பெட்டியை மாத்தி வச்சதும் உடனே கேட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டோ போன்ல இருக்கு. உடனே கேட்கலைங்க. எட்டரைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல பதினொரு பியானோ பார்க்கணும். ஓடிட்டேன். சாயங்காலம்தான் கேட்டேன்."

"சரி, வீட்டுக்குப் போகலாம்."

*

ட்யூனரின் வீடு மூன்றாவது மாடியில். கூடத்தில் சாமான்கள் குறைவு. ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள். எதிர்ச்சுவரில் இரண்டு ஸ்பீக்கர்கள். இடப்பக்கத்தது ஜன்னல் திரைக்குப் பக்கத்தில், வலப்பக்கத்தது புத்தக அலமாரிக்குப் பக்கத்தில். நடுவே, இரண்டுக்கும் சம தூரத்தில், கை வைத்த ஒற்றை நாற்காலி. அதன் கால்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறித்திருந்தார் ட்யூனர்.

மனைவி டீத் தட்டோடு வந்தார். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. அவருக்கும் தூக்கம் போதவில்லை என்பது ட்யூனருக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. 'எனக்காகத்தான் கவலைப்படுகிறாள்' என்று நினைத்துக்கொண்டார்.

"ஸ்பீக்கர் விஷயமா வந்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

மனைவி ஒரு ஸ்டூலை இழுத்து, ஜன்னலோரக் கோடியில் போட்டு உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸம்மா கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். மாலை ஷிப்ட். மூன்று மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குத்தான் வருவார். பகலில் வீட்டு வேலை, கொஞ்சம் தூக்கம். யாரும் வந்ததில்லை. மெக்கானிக் வந்தார், போனார்.

இதற்குள் கொழுந்தனார் ஒரு வட்டம் சுற்றி வந்து, மனைவியின் வலப்பக்கம் திரையருகே நின்றுகொண்டிருந்தார். சுழலும் மெஷினில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்தத் தட்டு புதுசாம்மா?" என்று கேட்டார்.

மனைவி திரும்பித் திரையைப் பார்த்தார். "பட்டு இல்லீங்க. சாதாரணத் துணிதான்."

மனைவியின் முகம் சிவந்தது. "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

கொழுந்தனார் அண்ணியின் அருகே வந்து கிசுகிசுத்தார். "பேச்சை மாத்துறாங்க பார்த்தீங்களா?" ட்யூனரின் காதிலும் அது விழுந்தது.

"உங்க தட்டைப் போடுங்க" என்றார் இன்ஷூரன்ஸம்மா ட்யூனரிடம்.

வயலின் எழுந்தது. ட்யூனர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதேதான். இடப்பக்கம் மங்கல்.

"இப்போ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்க."

அவர் அசையவில்லை. இந்தச் சோதனை அவருக்குத் தெரியாததல்ல. முதல் வாரமே தோன்றியதுதான். திரும்பி உட்கார்ந்தால் ஜன்னலோர ஸ்பீக்கர் வலது காதுக்கு வந்துவிடும். அப்போதும் இடது காதுதான் மங்கல் என்றால் கதை முடிந்தது. முடிந்துவிடுமோ என்றுதான் நான்கு வாரமாகத் திரும்பவே இல்லை.

"நான் பக்கத்திலேயே இருக்கேன், திரும்புங்க" என்றார் இன்ஷூரன்ஸம்மா.

திரும்பினார். கண்ணை மூடிக்கொண்டார். பியானோ பத்துப் பதினைந்து சுரம் நடந்தது.

"வலது" என்றார். பிறகு கத்தியே விட்டார். "வலது பக்கம்! இப்போ வலது காதுலதான் மங்கலா இருக்கு! இடது பளிச்சுன்னு கேட்குது!"

"அப்போ காது நல்லாருக்கு. கோளாறு அறையில இருக்கு."

ட்யூனர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கொழுந்தனார் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆனால் அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட முழுசாக நிற்கவில்லை. காது நல்லாயிருந்தால், பெட்டியை மாற்றிய பிறகும் மங்கல் எப்படி அதே பக்கம் நின்றது? யாரோ கை வைத்திருக்க வேண்டும். யார்?

இன்ஷூரன்ஸம்மா விளம்பரப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "துணியோட மூலையில சின்னதா ஒரு பித்தளைச் சின்னம் இருக்கே. போட்டோவில ரெண்டு பெட்டியிலயும் கீழ் மூலையில இருக்கு. இங்கே வலப்பக்கத்துப் பெட்டியில மேல இருக்கு."

ட்யூனர் பார்த்தார். "ஜோடின்னா எதிரெதிரா வச்சிருப்பாங்கன்னு நினைச்சுட்டேன்."

"தலைகீழா மாட்டியிருக்காங்க. இது கழட்டுற துணி."

கைப்பையிலிருந்து மெல்லிய கையுறை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, துணி இழுத்துக் கட்டியிருந்த மரச்சட்டத்தின் ஓரத்தை மெதுவாக அசைத்தார். நான்கு முளைகளிலிருந்து சட்டம் சுலபமாகக் கழன்று வந்தது. உள்ளே ஒரு பெரிய கூம்பு, ஒரு சின்னக் கூம்பு. ஓரத்தில், நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு திருகு குமிழ்.

"இது என்ன?" என்றார் கொழுந்தனார்.

"மேல் சுரத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்" என்றார் ட்யூனர் மெதுவாக. ஆயிரம் பியானோக்களைத் திறந்து பார்த்தவர், சொந்த வீட்டில் ஒரு துணியைத் தூக்கிப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

வலப்பக்கத்துக் குமிழ் கடைசிவரை கூட்டி வைக்கப்பட்டிருந்தது. இடப்பக்கத்துத் துணியையும் எடுத்தார்கள். அங்கே குமிழ் கச்சிதமாக நடுவில் நின்றது.

மெக்கானிக்கை போனில் பிடித்தார்கள். போனின் ஸ்பீக்கரில் போட்டதும் அவர் குரல் கூடத்தை நிறைத்தது. "ஆமாங்க, வந்ததும் துணியைக் கழட்டி ரெண்டு குமிழையும் நடுவுல வச்சிட்டுத்தான் சோதிப்பேன். ஒரு பக்கம் கூட்டி இருந்துச்சு. உங்க விருப்பத்துக்கு வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். இதைப் போய் ஏன் சொல்லணும்? கார் மெக்கானிக், கதவைத் திறந்துதான் உள்ளே உட்கார்ந்தேன்னு சொல்லுவானா?"

"துணியைத் திருப்பி மாட்டும்போது சின்னம் எங்கே இருந்தது?"

"கீழதாங்க. நான் என்ன குருடனா?"

போனை வைத்ததும் கொழுந்தனார் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணி, விஷயம் வெட்டவெளிச்சம். கூட்டாளிகிட்ட சாவி இருக்கு. மன்றத்து வேலை மேல கண்ணு. இவருக்குக் காது போச்சுன்னு நம்ப வச்சா, இவரே கடிதம் எழுதிக் கொடுத்துடுவார். எழுதியும் வச்சிருக்காரே!"

பட்டறையில் ஒரே மேஜையில் சாப்பிட்ட பன்னிரண்டு வருஷம் ட்யூனரின் கண்முன் ஓடியது.

"பெட்டியை மாத்தின செவ்வாய்க்கிழமை உங்க கூட்டாளி எங்கே இருந்தார்?" என்று கேட்டார் இன்ஷூரன்ஸம்மா.

"என்கூட. அந்தப் பள்ளிக்கூடத்துல. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும்..." ட்யூனர் நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம்கூடப் பிரியலையா?"

"இல்லை. என் வண்டியிலதான் வந்தான், என் வண்டியிலதான் போனான்."

"ஆனா அந்த ஒரு பகலுக்குள்ளதான் குமிழ் மாறியிருக்கு. காலையில, கூட்டி வச்சிருந்த பெட்டியை நீங்க இடப்பக்கம் கொண்டுபோய் வச்சீங்க. அப்பவே உட்கார்ந்து கேட்டிருந்தா மங்கல் வலப்பக்கம் போயிருக்கிறது தெரிஞ்சிருக்கும். ஓடிட்டீங்க. சாயங்காலம் வர்றதுக்குள்ள ஒரு கை அதைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்து, வலப்பக்கத்ததைக் கூட்டிடுச்சு. மெக்கானிக் வந்த அன்னிக்கும் அப்படித்தான். அவர் நடுவுல வச்சிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள்ள மறுபடி மாறிடுச்சு."

கொழுந்தனார் உட்கார்ந்தார். அந்த இரண்டு பகலும் வீட்டில் யார் இருந்தார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"அவளா?" ட்யூனரின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "எதுக்கு? இருபத்திரண்டு வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லையே. நான் என்னம்மா செஞ்சேன் அவளுக்கு?"

"உங்களைக் கெடுக்கணும்னா எந்தக் குமிழைத் தொட்டிருப்பாங்க?" என்று கேட்டார் இன்ஷூரன்ஸம்மா. "இடப்பக்கத்தைக் குறைச்சிருப்பாங்க. இங்கே இடப்பக்கத்தை யாருமே குறைக்கலை. மெக்கானிக் வச்ச இடத்துல அப்படியே இருக்கு. வலதைத்தான் கூட்டியிருக்காங்க. நீங்களே சொன்னீங்க, வலது காதுல ஊசி மாதிரி குத்துதுன்னு. அப்பாவோட காதை நினைச்சுட்டே கேட்டதால, கூடிப்போன பக்கம் உங்களுக்குத் தோணலை. குறைஞ்ச பக்கம்தான் தோணுச்சு. சரி, அவங்களைக் கூப்பிடுங்க."

*

மனைவி வந்து நின்றார். கழற்றி வைத்த துணிச் சட்டங்களைப் பார்த்ததும் கண்கள் தரைக்குப் போயின.

"உட்காருங்கம்மா" என்று சொல்லி, இன்ஷூரன்ஸம்மா தானே எழுந்து அவருடைய இடப்பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "நான் சொல்றேன். தப்பா இருந்தா நிறுத்துங்க. மத்தியானம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, இந்த நாற்காலியில உட்கார்ந்து நீங்களும் பாட்டுக் கேட்கிறீங்க. வால்யூம் நாலுல நின்னது அதனாலதான்."

மனைவி தலையசைத்தார்.

"குமிழை யார் காட்டினா?"

"யாரும் காட்டலை. தூசி துடைக்கும்போது சட்டம் கையோட வந்துடுச்சு. உடைச்சுட்டேனோன்னு பயந்துட்டேன்."

"பெட்டி எதுவா இருந்தாலும், வலப்பக்கம் இருக்கிறதைத்தான் கூட்டுறீங்க. அப்படீன்னா கோளாறு பெட்டியில இல்லை, நாற்காலியில உட்கார்றவங்க காதுல. சுவரோரம் படுத்தா உங்க வீட்டுக்காரர் உங்க வலப்பக்கம். அதான் ஜன்னலோரம் போயிட்டீங்க. இப்போ அவர் இடப்பக்கம், பேசினா கேட்கும். இங்கே ஸ்டூலைப் போட்டப்பவும் நாங்க எல்லாரும் உங்க இடப்பக்கம் வர்ற மாதிரிதான் போட்டீங்க. எங்க கொழுந்தனார் மட்டும் வலப்பக்கம் வந்து 'தட்டு'ன்னு சொன்னார். உங்களுக்கு அது 'பட்டு'ன்னு கேட்டுது. காது மங்கினா இந்த மாதிரி எழுத்துதான் முதல்ல குழம்பும். உங்க வலது காது எத்தனை நாளாம்மா இப்படி?"

கூடத்தில் மெஷின் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. தட்டு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

"ரெண்டு மாசம்" என்றார் மனைவி. ட்யூனரைப் பார்க்கவில்லை. "முதல்ல ஒரு இரைச்சல் மாதிரி. இந்த ஸ்பீக்கர் வந்ததும்தான் தெரிஞ்சுது, எல்லாம் இடப்பக்கம் சாயுதுன்னு. குமிழைத் திருப்பினேன், சரியாயிடுச்சு. அப்பாடா, பெட்டிதான் கோளாறுன்னு நினைச்சேன். நீங்களும் வந்து ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுன்னு சொன்னீங்களா? எனக்கு வந்த நிம்மதி இருக்கே! அப்புறம் நீங்க பெட்டியை மாத்தி வச்சீங்க. மத்தியானம் கேட்டேன். மறுபடி எல்லாம் இடப்பக்கமே சாஞ்சுது. கோளாறு என் காதுலதான்னு அன்னிக்குத் தெரிஞ்சுது. அப்பவும் மனசு கேட்கலை. மெக்கானிக் வந்து எல்லாம் சரின்னுட்டுப் போனதும் உட்கார்ந்து பார்த்தேன். குமிழைத் திருப்பாம என்னால அஞ்சு நிமிஷம் கேட்க முடியலை. அது சரியா இருந்தா நானும் சரியா இருக்கேன்னு ஒரு நினைப்பு."

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வேலையை விடுன்னுவீங்க. விடத்தான் வேணும், அதுதான் பயம்." மனைவியின் கை முந்தானையைப் பிசைந்தது. "மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு போன். அப்பா மயங்கி விழுந்துட்டார்னு ஒரு பொண்ணு அழுதுட்டே விலாசம் சொல்லுது. வீட்டு நம்பர் அறுபத்தேழுன்னு சொல்லியிருக்கு. நான் எழுபத்தேழுன்னு அனுப்பிட்டேன். வண்டி அந்த வீட்டைக் கண்டுபிடிக்கிறதுக்கு நாலு நிமிஷம். அவர் பிழைச்சுட்டார். அழுதுட்டே சொன்னதால குழப்பம்னு மேலதிகாரியும் விட்டுட்டார். அந்தப் பொண்ணு அழுதாலும் தெளிவாத்தான் சொல்லிச்சு. பதிவைத் திருப்பிப் போட்டு இடது காதால கேட்டேன். அறுபத்தேழுன்னுதான் சொல்லுது. அன்னிலேர்ந்து ஹெட்போனை இடது காதுலதான் மாட்டிக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு எண்ணையும் ரெண்டு தடவை கேட்டுத்தான் எழுதுறேங்க."

ட்யூனர் எழுந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான்கு வாரமாக ஒரே கட்டிலில், ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாக மூடி வைத்துக்கொண்டு படுத்திருந்தது இப்போது உறைத்தது. இத்தனை நாள் காதைத் தீட்டித் தீட்டி ஸ்பீக்கரைக் கேட்டவர், பக்கத்தில் படுத்தவள் ஒவ்வொரு பேச்சையும் 'என்ன?' என்று திருப்பிக் கேட்டதை ஒரு நாளும் கேட்கவில்லை.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்" என்றார். "இப்போ, அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி."

"என்னன்னு?"

"என்னைக் கெடுக்கப் பார்க்கிறேன்னு."

"குமிழைத் திருப்பியா?" அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களைக் கெடுக்கணும்னா எனக்கு வேற வழியே தெரியாதா?"

இன்ஷூரன்ஸம்மா சட்டங்களைச் சின்னம் கீழே வரும்படி மாட்டிவிட்டு, கொழுந்தனாரின் சட்டையை இழுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது கொழுந்தனார் முணுமுணுத்தார்: "கூட்டாளி முகத்தை நேர்ல பார்த்திருந்தா நான் கரெக்டா சொல்லியிருப்பேன் அண்ணி."

"பார்த்திருந்தா பாவம், அந்த ஆள் உள்ளே போயிருப்பார்" என்றார் அவர்.

*

அன்று மூன்று மணிக்கு மனைவி வேலைக்குப் போனார். ஆனால் போன் மேஜைக்குப் போகவில்லை. நேராக மேலதிகாரியின் அறைக்குப் போய், அறுபத்தேழையும் எழுபத்தேழையும் சொன்னார். ட்யூனர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மன்றத்துக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னது அந்த பெஞ்சில் இருந்துதான்.

மறுவாரம் இரண்டு பேரும் காது டாக்டரிடம் போனார்கள். கண்ணாடி அறைக்குள் மனைவி பத்தொன்பது நிமிஷம் இருந்தார். வலது காது நரம்பில் தேய்வு, போனது திரும்பாது, கருவி மாட்டினால் பேச்சு நன்றாகக் கேட்கும், இடது காதுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சீக்கிரம் வந்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்காக ட்யூனர் மனசுக்குள் நன்றி சொன்னார். ஆபீஸில் மனைவியை போனிலிருந்து எடுத்து, எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று திரையைப் பார்த்து அனுப்பும் மேஜையில் போட்டிருந்தார்கள். அங்கே எல்லாம் எழுத்தில் வரும்.

"வந்ததே வந்தீங்க, நீங்களும் பார்த்துக்குங்க" என்று டாக்டர் ட்யூனரையும் உள்ளே அனுப்பினார்.

ட்யூனர் வெளியே வந்ததும் டாக்டர் அவருடைய தாளை மேஜையில் வைத்தார். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக, நேராக ஓடின. "முப்பது வயசுக்காரன் காது சார்" என்றார் டாக்டர்.

ட்யூனருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சந்தோஷம் கன்னம்வரை வந்து முட்டியது. பக்கத்தில் மனைவி தன் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ட்யூனர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், டாக்டரின் பேனாவைப் பார்த்தார்.

மனைவி அவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடித்து, தன்னுடையதோடு சேர்த்துக் கைப்பையில் வைத்தார்.

"சிரிச்சுக்கோங்க" என்றார். "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."